இல்லை என்று நான் எழுதிய மேடு

தொல்லியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டார்கள். முதல் தடவை மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் தாங்கள் கண்டெடுத்ததைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் கண்டெடுத்தவற்றுக்கு அறிக்கைகள் இருக்கின்றன. நூலகத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எனக்கோ அறிக்கை இல்லாத ஓர் இடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார்கள்.

ஒரகடத்தில் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வடக்குப்பட்டு, சேரப்பணஞ்சேரி, அந்தச் சுற்று வட்டாரம் முழுக்க அளவுக் கற்கள் நட்டிருந்தார்கள். எந்த நிலத்தில் கட்டடம் எழும்பினாலும் முதலில் எங்கள் துறையிலிருந்து ஒருவர் போய் நடந்து பார்த்து, பழங்காலச் சான்றுகள் இருக்கின்றனவா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். துணைக்கு யாரும் இல்லை. ஒரு தோள்பை, ஒரு கேமரா, அளவு நாடா, மண் சுரண்டும் கரண்டி, இவ்வளவுதான்.

மார்கழி மாதம். அந்த வருஷம் நல்ல மழை. ஏரிக்குக் கிழக்கே ஒரு மேட்டு நிலத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதோடு சேர்த்து இன்னும் பல மனைகள்; எல்லாவற்றுக்கும் அந்த வாரத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து நாள்தோறும் போன். மேட்டில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மீதி இடத்தைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. தரையையே பார்க்க முடியவில்லை. ஆடு போன தடத்தில் மட்டும் நடந்தேன். தடத்தில் இரண்டு வெண்ணிறப் படிகக்கல் சில்லுகள் கிடந்தன. கையில் எடுத்தபோதே மனிதக் கை உடைத்தவை என்று தெரிந்தது. மேட்டின் மேலிருந்து பார்த்தேன். இன்னும் மூன்று மனைகள் பாக்கி. வெள்ளத்தில் வேறெங்கிருந்தோ உருண்டு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சில்லுகளைப் பையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து எழுதினேன்: “மேற்பரப்பில் குறிப்பிடத்தக்க சான்றுகள் ஏதும் இல்லை.” கையெழுத்திட்டேன். நான் எழுதியிருக்க வேண்டியது, “புதர் மண்டியிருப்பதால் பார்க்க முடியவில்லை” என்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. பார்க்க முடியவில்லை என்று எழுதினால் மறுபடி போகச் சொல்வார்கள், ஏன் தாமதம் என்று கேட்பார்கள். இல்லை என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள். உங்களில் பலர் இதே வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள். உங்களுக்கும் போன் வரும்.

அந்த நிலத்துக்கு எதிரே, ரோட்டோரம், ஆரோக்கியமேரி என்ற பெண் கீற்றுக் கொட்டகையில் டீக்கடை வைத்திருந்தார். புதுக் குடியிருப்பில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்துதான் கடை திறப்பார். போகிற இடமெல்லாம் செய்வதுபோல அவரிடமும் என் போன் நம்பரை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, மண் தோண்டும்போது பானை, எலும்பு என்று ஏதாவது வந்தால் கூப்பிடச் சொல்லியிருந்தேன். “சொல்றேன்மா, எனக்கின்னா” என்று அட்டையை அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகினார்.

பங்குனியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார். காசு போட்டுப் பேசும் போனிலிருந்து, கத்திக் கத்திப் பேசினார்.

“எம்மா, நீங்க சொன்னீங்களே, பானை கீனை வந்தா சொல்லுன்னு. இங்க தொட்டி மாரி ஒண்ணு வந்துகீது. பொக்லைன் ஓட்டுற ஆளு வண்டிய நிறுத்திட்டு எறங்கிட்டான். அவன் எடுக்க மாட்டேங்கிறான். மேனேஜரு திட்டிக்கினு கீறாரு. சீக்கிரம் வாங்க.”

ஷேர் ஆட்டோவிலும் பிறகு ஒரு ஜல்லி லாரியிலுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருக்கும். மேட்டின் பாதி போய்விட்டிருந்தது. மீதிப் பாதி, கத்தியால் கேக்கை வெட்டியதுபோல நிமிர்ந்து நின்றது, ஒன்றரை ஆள் உயரத்துக்கு. அதன் அடியில் மஞ்சள் இயந்திரம் கையை மடக்கி நின்றிருந்தது. பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் குந்தியிருந்தார். அவர்தான் ஓட்டுநர், முனியசாமி. பரமக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கலாம்.

“எங்கூருப் பக்கம் கம்மா வெட்டயில தாழி வரும்மா,” என்றார். “வந்தா தொட மாட்டாக. மண்ணைத் தள்ளி மூடிட்டு வேற பக்கம் வெட்டுவாக. இது தாழி மாதிரியும் இல்ல. காலு வச்சிருக்கு பாருங்க. சின்னது. பிள்ளைக்குச் செஞ்சது. பக்கெட்டுப் பல்லு பட்டு ஒரு ஓரம் ஒடஞ்சுருச்சு, நான் பாக்கல.” அந்தக் கடைசி வார்த்தையை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

அது இறந்தவரை வைத்துப் புதைக்கும் ஈமப்பேழை. சுட்ட மண்ணில், தொட்டில் நீளத்தில், அடியில் வரிசையாகக் குட்டிக் கால்கள். குழந்தையின் பேழை. உடைந்த ஓரத்து வழியே உள்ளே இருந்த மண் தெரிந்தது; ஒரு சிறு கிண்ணத்தின் விளிம்பும் தெரிந்தது. நான் மண்டியிட்டு இரண்டு படம் எடுத்தேன்.

பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். பேழையிலிருந்து இரண்டு கை தூரத்தில், அதே மட்டத்தில், சுட்டுச் சிவந்த மண் ஒரு வட்டமாகத் தெரிந்தது. உலை. அதைச் சுற்றிக் கறுப்பாக, இரும்பை உருக்கும்போது கழியும் கிட்டம். காற்று ஊதும் மண்குழாயின் ஒரு துண்டு. அந்தக் கிட்டத்துக்கு நடுவே, அதே சாம்பலுக்குள், வெண்படிகக்கல்லில் செதுக்கிய விரல்நகம் அளவு கத்தி அலகுகள். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு.

உங்களுக்கு இதன் அர்த்தம் புரியும். இருந்தாலும் சொல்கிறேன். அந்த மண்சுவரின் அடியில் செம்மண் சரளை. அதில் லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மனிதர்கள் செதுக்கிய கைக்கோடரி ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நுண்கற்கருவிகள் கிடக்கும் பழுப்பு மண். அதற்கு மேலே இரும்பு. அதற்கும் மேலே பானை ஓட்டுச் சில்லுகள், பிறகு ஏர் உழுத மண், உச்சியில் ஒரு பால் கவர். மனிதன் கற்றதெல்லாம் அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. நம்மை எப்போதும் தடுமாற வைக்கும் கேள்விக்கு அந்தச் சாம்பலுக்குள் பதில் இருந்திருக்கலாம். கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தவர்களே இரும்பை உருக்கக் கற்றுக்கொண்டார்களா, அல்லது இரும்போடு வேறு ஆட்கள் வந்து இவர்களை விரட்டினார்களா? ஒரே உலையடியில் இரண்டும் கிடந்தன. உலைக்குப் பக்கத்திலேயே பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். நெருப்பின் சூட்டை அளந்து பழகிய அதே கைகள்தான் அந்தப் பேழைக்குக் கால் வைத்துச் சுட்டிருக்க வேண்டும். அறிவும் துக்கமும் ஒரே வீட்டில் இருந்த இடம் அது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? நாடாவைப் பிடித்து அளந்து, அந்தச் சுவரை வரைந்து, உலையைப் படம் எடுத்து, சாம்பலில் கொஞ்சம் கரியைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். நல்ல வெளிச்சம் இருந்தது. நான்கு மணி நேரம் இருந்தது. நாடா பையில் இருந்தது. உலையை ஒரு படம்கூட எடுக்கவில்லை. நாளைக்கு முறையாக, ஆட்களோடு வந்து செய்யலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் ஒப்பந்தக்காரரின் மேனேஜர் வந்துவிட்டார். கோபப்படவில்லை. கையில் ஒரு ஜெராக்ஸ் வைத்திருந்தார்.

“மேடம், இது உங்க சைன்தானே? சான்று எதுவும் இல்லைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்துக்கிறீங்க. இப்ப நீங்களே வந்து நிறுத்துன்னா நான் கம்பெனிக்கு இன்னா பதில் சொல்றது? நிறுத்தணும்னா ரைட்டிங்ல குடுங்க. நான் மதிக்கிறேன்.”

“நாளைக்குக் கொண்டு வரேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் கை வைக்காதீங்க.”

“பாக்கலாம் மேடம்,” என்றார்.

பாக்கலாம் என்ற சொல்லை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். முனியசாமியிடம் போனேன். “ஒரே ஒரு நாள். ஒரு நாள் நிறுத்தி வையுங்க, போதும். நான் ஆர்டரோட வந்துடுறேன்” என்றேன். “நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் எடுக்க மாட்டேன்” என்றார். ஆரோக்கியமேரி ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து பேழையின் மேல் போர்த்தினார். இரண்டரை மணிக்கு நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் என் மேலதிகாரி கிளம்பிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பை வரவழைத்தார். என் அறிக்கையைப் படித்தார்.

“ஏம்மா, நீதானே எழுதிக் குடுத்தே?”

“ஆமா சார்.”

“இதை வெச்சுக்கிட்டு நான் நிறுத்தச் சொல்லி எழுதுனா, மேல இருக்கிறவங்க முதல்ல இதைத்தான் எடுத்து என் முன்னாடி போடுவாங்க. நீ புதுசா ஒரு அறிக்கை குடு. முதல் அறிக்கை தப்பு, நான் அந்த இடத்தை முழுசாப் பார்க்கலைன்னு அதுல இருக்கணும். இருந்தா நான் இப்பவே போன் போட்டு, விடிஞ்சதும் ஆர்டர் போக ஏற்பாடு பண்றேன். எழுதுறியா?”

உட்கார்ந்து எழுதினேன். “முதல் ஆய்வின்போது வெளிப்படாதிருந்த புதிய சான்றுகள் தற்போது வெளிப்பட்டுள்ளன” என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது பத்தாது. சான்று ஒளிஞ்சிருந்த மாதிரி எழுதியிருக்கே. அப்போ எதைத் தோண்டினாலும் ஏதாவது வரும்னு சொல்லித் தள்ளிடுவாங்க. நீ பார்க்கலைன்னு எழுது.”

என்னால் எழுத முடியவில்லை. பதினெட்டு வருஷ வேலை. பெண் என்பதால் களத்துக்கு அனுப்பவே யோசித்தவர்கள் இருந்த இடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் வந்திருந்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. இப்படியெல்லாம் உங்களிடம் சொல்லும்போது காரணங்களாகத் தெரிகின்றன. அன்று அவை காரணங்களாகக்கூட வரவில்லை. கை நகரவில்லை, அவ்வளவுதான். “காலையில கொண்டு வரேன் சார்” என்றேன். அவர் “சரி” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே அலுவலகத்தில் இருந்தேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். புதரின் மேல் பழி போட்டேன். மழையின் மேல் போட்டேன். கால அவகாசத்தின் மேல் போட்டேன். ஒவ்வொன்றையும் கிழித்தேன். பதினொரு மணிக்குத்தான் எழுதினேன்: “அந்த நிலத்தை நான் முழுமையாகப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே சான்று இல்லை என்று எழுதினேன். கிடைத்த இரண்டு கற்சில்லுகளைக் குறிப்பிடவில்லை.” மூன்று வரிதான். மேலதிகாரி வாங்கிக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஆர்டர் தயாரானது. யாரும் என்னைத் திட்டவில்லை. பிறகும் யாரும் திட்டவில்லை. அந்தப் பதவி உயர்வும் அடுத்த வருஷம் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மேடு இருந்த இடம் மைதானமாக இருந்தது. வேறொரு இயந்திரம் மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தது. ஆரோக்கியமேரி கடையை விட்டு வெளியே வந்தார்.

“இன்னாம்மா இப்ப வர்றீங்க? எல்லாம் முடிஞ்சிப்போச்சி.”

“எப்போ?”

“பத்தரைக்கெல்லாம் சமமாயிடுச்சி. காலைல ஏழு மணிக்கு எடுறான்னாங்க. அந்த ஆளு சாவியச் சட்டைக்குள்ள போட்டுக்கினு வண்டி மேலயே குந்திக்கினான். அந்தம்மா வந்தாதான் எறங்குவேன்னான். ரெண்டு பேரு ஏறிக் காலப் புடிச்சி இழுத்தாங்க. கீழ வுழுந்து கைல அடி. அப்பவும் சாவியக் குடுக்கல. அப்புறம் அந்தாண்ட சைட்ல இருந்து வேற வண்டி வர வெச்சாங்க. இவன் பையத் தூக்கி ரோட்டாண்ட போட்டாங்க. இதோ, இங்கதான் நின்னுகினே இருந்தான். ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் எட்டி எட்டிப் பாத்தான். பன்னெண்டு மணி வரைக்கும் நின்னான். ஒரு டீ குட்சிட்டுப் போடான்னேன். வேணாம்னு சொல்லிட்டான்.”

பத்தரைக்கு நான் மழையின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மண்ணை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தில் கொட்டி நிரவியிருந்தார்கள். ஆர்டர் கையில் இருந்ததால் இரண்டு நாள் அனுமதி கிடைத்தது. ஊரில் நான்கு பெண்களைக் கூலிக்குப் பிடித்து அதைக் கிளறினேன். பேழையின் கால்கள் கிடைத்தன, மூன்று. கிட்டம் கிடைத்தது, கல் அலகுகள் கிடைத்தன, ஒரு மூட்டை நிறைய. எலும்பு கிடைக்கவில்லை. எது எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூட்டையில் கல்லும் இரும்பும் சேர்ந்து கிடப்பதில் என்ன அதிசயம்? என் பையில் பேனாவும் செல்போனும் சேர்ந்துதான் கிடக்கின்றன.

ஒரு கருத்தரங்கில் எழுந்து சொன்னேன். ஒரே உலையடியில் இரண்டையும் பார்த்தேன் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார்: “படம் இருக்கிறதா?” பேழையின் படத்தைக் காட்டினேன். “அழகாக இருக்கிறது. உலையின் படம்?” இல்லை என்றேன். “வரைபடம்? கரித்துண்டு?” இல்லை. அவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். கண்ணால் பார்த்தேன் என்பது நம் தொழிலில் சான்று இல்லை.

மற்ற தவறுகளில் இருந்து ஏதோ கற்றுக்கொண்டேன், அடுத்த இடத்தில் சரியாகச் செய்தேன் என்று சொல்லலாம். இதில் அப்படி ஒன்றும் தேறவில்லை. அடுத்த இடம் வேறு இடம். அந்த மேடு ஒன்றுதான் இருந்தது. எத்தனை தலைமுறை கற்றதையும் இழந்ததையும் சுமந்துகொண்டு அது என் பணிக்காலம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஒரு சாயங்காலமும் மறுநாள் காலை இரண்டு மணி நேரமும் என்னால் ஒரு வாக்கியம் எழுத முடியாததால் போய்விட்டது. அந்த மக்கள் யார், ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றார்கள் என்பது இனி எந்த அறிவியலுக்கும் தெரியப் போவதில்லை. பெரிய கருவிகள் வந்துவிட்டன, ஒரு துளிக் கரியிலிருந்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான். அந்த ஒரு துளிக் கரி எங்கே?

அன்று அந்த மேட்டுக்காக நின்றது யார் என்பதையும் பாருங்கள். படித்த நான் இல்லை. செத்தவர்களைத் தொடக்கூடாது என்று தன் ஊரில் கேட்டு வளர்ந்த ஒருவர் நின்றார். புடவை போர்த்திய ஒரு பெண் நின்றார். அவர்களுக்கு அது என்ன காலம் என்று தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் நான்.

முனியசாமியைத் தேடினேன். சங்கதி பரவி, அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த ஒப்பந்தக்காரரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்து சேரப்பணஞ்சேரியில் வேறொரு நிலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம், ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தில் அவர் இருந்தார். சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னை அடையாளம் தெரிந்து அவரே பக்கத்தில் வந்தார்.

“நல்லா இருக்கீகளாம்மா?”

“நீங்க எப்படி இருக்கீங்க? இப்ப என்ன வேலை?”

“கம்பெனி கேண்டீன்ல. தட்டு, பாத்திரம் கழுவுறது. காண்ட்ராக்ட்டுதான்.” வலது கையை விரித்து மடக்கிக் காட்டினார். சுண்டுவிரலும் அடுத்த விரலும் முழுதாக மடங்கவில்லை. “லீவர் புடிக்க வரமாட்டேங்குது. வண்டி குடுத்தாலும் இனி ஓட்ட முடியாது.”

அவரே கேட்டார்.

“அந்தப் பிள்ளைய எங்கம்மா வச்சிருக்கீக? மெட்ராசு மியூசியத்துலயா? ஊர்ல இருந்து வீட்டுல வந்தா கூட்டிட்டுப் போயிக் காட்டணும்னு இருந்தேன்.”

“எடுக்க முடியலைப்பா. நான் வர்றதுக்குள்ள எல்லாம் மண்ணோட போயிடுச்சு.”

அவர் ரோட்டைப் பார்த்தார். “ஒரு நாளுன்னுதானம்மா சொன்னீக,” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கு எங்கே தவறியது என்று யோசிப்பவரின் குரல். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்த மனிதருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பஸ் வளைவில் திரும்பியது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஆறுதல் சொன்னார்.

“விடுங்கம்மா. நீங்க என்ன செய்வீக? நீங்க ஓடியாரத்தான் பாத்திருப்பீக. ஆபீசுல விட்டிருக்க மாட்டாக.”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.